ஐந்தாவது கால்

ஓவியர் அமலோற்பவம் வரைந்த ஆட்டுப்படம் சட்டத்துக்குள் மினுங்கியது. அதற்காக முதலில் கரியால் கிறுக்கிய தாளையும் பக்கத்திலேயே குத்தி வைத்திருந்தார். அந்தத் தாளில் ஆட்டுக்கு ஐந்து கால், வயிற்றில் டீ கிளாஸ் கறை.

வந்தவர்கள் எல்லாம் தாளின் முன்தான் நின்றார்கள். "பாரு, முன்னங்காலை இங்க வச்சுப் பார்த்துட்டு, பிடிக்காம தள்ளிப் போட்டிருக்காங்க" என்று வியந்தார்கள்.

படத்துக்கு வயிறு எரிந்தது. "கரி மூஞ்சி, உங்கிட்ட அப்படி என்னத்தைக் கண்டாங்க?"

"உன் காலை அம்மா தேடுனது என் மேலதான்" என்றது தாள்.



மழைக்காலத்தில் சுவர் ஓதம் ஏறி, ஆட்டின் காலருகே வண்ணம் உரிந்தது. அடியில் கோணலாக இன்னொரு கால் தெரிந்தது. அமலோற்பவம் பதறிப்போய்த் தூரிகையை எடுத்தார்.

"அம்மா, மூடிடாதீங்க" என்று கெஞ்சியது படம். "நாளைக்கு ஆளுங்க வருவாங்க."