நானூற்றுப் பத்தாவது வரி

சின்ன வயதில் அவர்கள் வீட்டுக் கணினியில் எதையும் சேமித்து வைக்க வழியில்லை. ஐர்லிசும் தம்பி குவிலிமும் சனிக்கிழமைதோறும் பத்திரிகையைப் பார்த்து விளையாட்டு நிரல் முழுவதையும் புதிதாகத் தட்டுவார்கள். பிளக்கைப் பிடுங்கினால் எல்லாம் போய்விடும். கடைசித் தடவை, வாக்குவம் கிளீனர் போடுவதற்காக அம்மா பிடுங்கினாள். நானூற்றுப் பத்தாவது வரி பாதியில் நின்றது.

முப்பத்தெட்டு வருடம் கழித்து, அம்மாவை அடக்கம் செய்த மறுநாள், ஸ்வான்சீ நகரில், அன்று அவர்கள் உட்கார்ந்து தட்டிய அதே மாடி அறையில், ஐர்லிஸ் தன் புதுக் கணினியில் எமுலேட்டர் போட்டாள். பழைய கணினியாகவே நடிக்கும் மென்பொருள் அது. உள்ளே ஒன்றும் இருக்காது என்று தெரிந்தும், பழக்கத்தில் நிரலின் வரிகளைப் பட்டியலிடச் சொன்னாள்.

வரிகள் வந்தன.

“நீதானே தட்டின? கதை விடாதக்கா,” என்றான் பக்கத்தில் நின்ற குவிலிம்.

“சத்தியமா இல்லடா.”

அறுபதாவது வரியில், அவள் பெயர் வரவேண்டிய இடத்தில் ‘குரங்கு’ என்றிருந்தது. அவளைச் சீண்ட வாராவாரம் அவன் போட்டது. நானூற்றுப் பத்தின் பாதியில் கர்சர் மினுக்கியது.

“மீதி ஞாபகம் இருக்கா?”

அவன் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள்.

கீழேயிருந்து வாக்குவம் கிளீனரின் சக்கரங்கள் ஒவ்வொரு படியாக இடித்துக்கொண்டு ஏறி வந்தன. வீட்டில் வேறு யாருமில்லை.

குவிலிம் மண்டியிட்டு, கணினியின் பிளக்கை இரு கைகளாலும் பொத்திக்கொண்டான்.

“அம்மா, ரெண்டே வரிம்மா,” என்றான்.

சக்கரங்கள் நின்றன.