மீன் தின்னாத புழு

கோரமண்டல் ஓடைக்கரையில், வண்டி கழுவும் ஷெட்டில் மூவர் இருந்தனர். நாற்காலியில், ஷெட்டின் கழிவுநீர் கலக்கும் ஓடையை ஆய்வு செய்ய வந்த அதிகாரி அனுப்ரியா. எதிரே பழைய டயர்மேல் ஷெட் முதலாளி ஜெயகரன். வாசற்படியில் அவர் மனைவி ஸ்வீட்டி.

“ஓடையில உசுரு இருந்தா ஷெட்டை மூட மாட்டீங்கதானே, மேடம்?” என்றார் ஜெயகரன்.

“என்ன உசுருன்னு பாக்கணும். கல்லுக்கடியில எல்லாம் சிவப்புப் புழு.”

ஜெயகரன் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். “பாத்தியா!”

“அது சாக்கடையிலயும் வாழும் புழு. இவ்ளோ இருந்தா தண்ணி கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். மூடத்தான் எழுதணும்.”

“ஐயோ, அது ஓடைப் புழுவே இல்ல மேடம்! ராபர்ட்சன்பேட்டை கலர்மீன் கடையில மீன் தீனிக்கு விக்கிறத வாங்கியாந்து நான்தான் கொட்டினேன்.”

“அதுக்கு முன்னாடி ஓடையில என்ன இருந்துச்சு?”

ஸ்வீட்டி முந்திக்கொண்டு சொன்னார்: “ஒண்ணுமே இல்ல மேடம். அதனாலதானே வாங்கியாந்தாரு.”

அனுப்ரியா ஷெட்டை மூடச் சொல்லிக் கடிதம் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, அப்போதே அலுவலகத்துக்கு அனுப்பினார்.