ஹார்லனுக்கு மௌன அஞ்சலி

ஓஹியோவில் புரூயிட் குடும்பத்தாரின் ஆண்டு ஒன்றுகூடலுக்கு ஒரு நாளே இருந்தது. நிகழ்ச்சி நிரலைப் படித்துக் கொதித்தெழுந்த முதியவர் புரூயிட், அதைத் தயாரித்த தூரத்து உறவுக்காரி டோரீனைத் தொலைபேசியில் அழைத்தார்.

“ஹார்லனுக்கு மௌன அஞ்சலின்னு போட்டிருக்கியேம்மா, அவர் சாகவே இல்லை!”

“இணையத்துல வம்சாவளி பதியற தளத்துல பார்த்துதான் போட்டேன், பெரியவரே. அதுல பதினேழு பேர் போட்டிருக்கற வம்சாவளியில அப்படித்தான் இருக்கு.”

“ஒருத்தர் எழுதினதைப் பதினாறு பேர் காப்பியடிச்சா, அது பதினேழு சாட்சியா?”

“சரி, அவர் உயிரோட இருக்கார்னு உங்ககிட்ட என்ன ஆதாரம்?”

“இன்னிக்குக் காலையில மூணு பான்கேக் தின்னார். போதுமா?”

“நீங்க பார்த்தீங்களா?”

“தின்னதே நான்தான்! நான்தான் ஹார்லன்!”

மறுமுனையில் மௌன அஞ்சலி அப்போதே தொடங்கிவிட்டது.

தொலைபேசியை வைத்தவர் உறுமினார். “இதை முதல்ல எழுதின முட்டாள் மட்டும் என் கையில கிடைக்கட்டும்!”

“நான்தாங்க எழுதினேன்” என்றாள் அவர் மனைவி வெல்மா. “உயிரோட இருக்கறவங்க பேரையும் படத்தையும் அந்தத் தளம் மறைச்சிடுது. கடற்படை உடுப்புல நீங்க எவ்வளவு அழகு! நாலு பேர் பார்க்கட்டுமேன்னுதான், செத்துட்டதா போட்டேன்.”

ஹார்லனின் சினம் பாதி தணிந்தது. “அப்போ உன் படம்?”

“எனக்கு ஒரு படமும் நல்லா அமையலைங்க. நான் உயிரோடவே இருந்துக்கறேன்.”