வாசலைப் பார்த்த செருப்புகள்

துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த ஆய்வுக்கூடத்தில் ஜெசிந்தா பன்றிகளைப் பராமரித்தாள். தலையில் அடிபட்ட மனிதருக்கு எந்த மருந்து உதவும் என்று அறிய, அங்கே பன்றிகளை மயக்கி அவற்றின் தலையில் காயம் உண்டாக்குவார்கள். பன்றியின் மூளையும் நம்முடையதைப் போல மடிப்பு மடிப்பானதுதான் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

தொழுவத்துக்குள் போகுமுன் அவள் கம்பியோரம் செருப்பைக் கழற்றிவிட்டு பூட்ஸ் மாட்டுவாள். அன்று வேலை முடித்து வந்தபோது செருப்புகள் இரண்டும் வாசலைப் பார்த்தபடி ஒன்றோடொன்று ஒட்டி இருந்தன. வீட்டில் அவள் செருப்பை அப்படித் திருப்பி வைக்கிறவன் அவளுடைய புருசன் றெக்சன் மட்டும்தான். அதுவும் இறங்குதுறையில் விழுந்து தலை அடிபடும் வரைக்கும். அதற்குப் பிறகு அவன் செருப்பையும் மறந்தான், பேச்சையும் மறந்தான்.

மறுநாள் ஒளிந்து நின்று பார்த்தாள். போன கிழமை காயப்படுத்திய பன்றி கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டி, ஒரு செருப்பை மெதுவாகத் திருப்பியது. பிறகு மற்றதையும் திருப்பி, அதனோடு சேர்த்து வைத்தது.

"இதிலை ஏதும் வித்தியாசம் தெரியுதோ, ஜெசிந்தா?" டொக்டர் வந்து கேட்டார். "நாளைக்கு இதைக் கொண்டு போறம். மூளையை எடுத்துப் பார்க்கவேணும்."

சொன்னால் அவளுக்கும் மூளை பிசகிவிட்டது என்பார்கள்.

"ஒண்டுமில்லை, டொக்டர்."

வீட்டுக்கு வந்தபோது றெக்சன் கதவுநிலையை இறுகப் பிடித்தபடி நின்றான். விழுந்த நாளிலிருந்து வாய் திறக்காதவன், அவளைக் கண்டதும் கேட்டான்:

"ஜெசி, நாளைக்கு என்னைக் கொண்டு போகினமோ?"