துள்ளும் சாட்சி

ஆய்வக மேசையில், ஆலை மேலாளர் கொண்டுவந்த கண்ணாடி ஜாடிக்குள் ஆற்றுமீன் துள்ளுகிறது. ஜன்னல் வெயில் செதிலில் பட்டு அவர் சட்டையில் நெளிகிறது. "எங்க ஆலைக்குக் கீழ பிடிச்ச மீன். எங்க கழிவால ஆறு கெட்டிருந்தா இது பிழைக்குமாம்மா? மடியில கனமில்ல, வழியில பயமில்ல" என்கிறார். கண் மட்டும் கணினித் திரையை விட்டு அகலவில்லை. ஆய்வாளரான பெண் அதில் ஓடும் மரபணு வரிசையை விரலால் தொட்டுக் காட்டுகிறாள். "ஆத்துல ஆலைக்கு மேல பிடிச்ச மீனுக்கு விஷத்தை முறிக்கிற மரபணு ஒண்ணுதான் சார். கீழ பிடிச்சதுக்கு அதே மரபணு அடுத்தடுத்து ஏழு நகல். நல்ல தண்ணியில வாழ இத்தனை கவசம் எதுக்கு?" குளிர்பெட்டி முனகுகிறது. அவள் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைக்கிறாள். எடுக்கப்போன அவர் கை நிற்கிறது. "இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?" "உங்க ஆலைக்குக் கீழேருந்துதான் சார்." கை டம்ளரைத் தொடாமல் மெல்லத் திரும்புகிறது. மீன் துள்ளுகிறது.