வாசலிலேயே சொல்லிடணும்

"நல்ல சேதிதாம்மா. பயப்படாம கதவைத் தொற."

ஜன்னல் பக்கம் குனிந்து இதைச் சொன்ன ஆனந்தமேரி, கணவர் மார்ட்டினைத் திரும்பிப் பார்த்தார். நெல்லித்தோப்பின் அந்தச் சின்னத் தெருவில் வெயில் சுள்ளென்று அடித்தது. வருவதாகச் சொல்ல போன் செய்தபோதும் அமுதவல்லி எடுக்கவில்லை. இப்போது உள்ளே ஆள் நடமாட்டம் தெரிகிறது, கதவு மட்டும் திறக்கவில்லை.

பட்டாளத்தில் இருப்பவர்களின் பிள்ளைகளைப் படிக்க வைக்க இவர்கள் இருவரும் ஓர் அறக்கட்டளை நடத்துகிறார்கள். மார்ட்டின் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆனந்தமேரி பள்ளியில் டீச்சராக இருந்தவர். மகன் நெல்சனும் இப்போது எல்லையில்தான் இருக்கிறான். பட்டாளத்துக்காரன் வீட்டுக் கதவை யாராவது தட்டினால் உள்ளே இருப்பவளுக்கு உயிர் எப்படித் துடிக்கும் என்று ஆனந்தமேரிக்குச் சொல்லித் தர வேண்டாம். ஒரு தடவை காலாப்பட்டில் ஸ்காலர்ஷிப் கொடுக்கப் போனபோது, வாசலில் இவர்களைப் பார்த்ததுமே ஒரு பெண் மயங்கி விழுந்துவிட்டாள். அதிலிருந்து ஒரு வழக்கம். செருப்பைக் கழற்றும் முன்பே, வந்தது நல்ல சேதிக்கு என்று வாசலிலேயே சொல்லிவிடுவார்கள்.

ஒருவழியாகக் கதவு திறந்தது. அமுதவல்லியின் கண்கள் வீங்கியிருந்தன.

"உம் பொண்ணு நர்சிங் படிக்க ஸ்காலர்ஷிப் கெடைச்சிருக்கு. படிப்பு முடியிற வரைக்கும் நாங்க பார்த்துக்கறோம்," என்றார் ஆனந்தமேரி. "எங்க நெல்சன்தான் சொல்லிக்கிட்டே இருந்தான், எங்கூட இருக்கிற ராஜவேல் அண்ணன் பொண்ணை மறந்துடாதீங்கன்னு."

மற்ற வீடுகளில் இந்நேரம் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள், காபி போட ஓடியிருப்பார்கள். அமுதவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

மார்ட்டின் ஓரடி முன்னால் வந்தார். இது சந்தோஷத்தில் வருகிற அழுகை இல்லை.

"ராஜவேல் எப்பம்மா பேசினான்?"

"காலைல பேசினாரு சார்."

"எங்கேருந்து? ஆஸ்பத்திரியிலேருந்தா?"

"இல்ல சார். நல்லாத்தான் இருக்காரு."

நல்லா இருக்கிறவன் பெண்டாட்டி எதற்கு இப்படி நடுங்க வேண்டும்? மார்ட்டின் மனைவியின் காதோரம் குனிந்தார். "அவனுக்கு என்னமோ ஆயிருக்கு. இந்தப் பொண்ணு மறைக்குது."

அமுதவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சாப்பிட்டீங்களா டீச்சர்?"

"சர்ச்சுல பூசைக்குப் போயிட்டு அப்படியே கெளம்பிட்டோம்மா. வீட்டுக்குப் போய் பார்த்துக்கலாம்."

"வெறும் வயிறாவா? அதெல்லாம் கூடாது. உக்காருங்க."

வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தட்டு வந்தது, இட்லி வந்தது, நேற்று வைத்த மீன் குழம்பு வந்தது. பரிமாறும்போது குழம்பு தரையில் சிந்தியது. "பிரஷர் மாத்திரை போட்டீங்களா சார்?" என்று வேறு கேட்டாள்.

மார்ட்டின் பதில் சொல்வதற்குள் ஸ்டூலில் இருந்த அவருடைய போன் அடித்தது. அவர் கை நீட்டும் முன் அமுதவல்லி அதைப் பாய்ந்து எடுத்தாள்.

"சார்ஜ் போடறேன் சார். நீங்க சாப்பிடுங்க."

உள் அறைக்குப் போனாள். சத்தம் பாதியில் நின்றது.

"போன் சத்தத்துக்கே இப்படிப் பயப்படுது பாருங்க," என்று முணுமுணுத்தார் ஆனந்தமேரி. அமுதவல்லி திரும்பி வந்ததும் அவள் கையைப் பிடித்தார். "எதுவா இருந்தாலும் சொல்லு அமுதா. நாங்க வேற எதுக்கு இருக்கோம்?"

அமுதவல்லி எதையோ சொல்ல வாயெடுத்தாள். பாதி காலியாகியிருந்த தட்டைப் பார்த்தாள். "இன்னொரு இட்லி வச்சிக்குங்க," என்றாள்.

தெருவில் ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

மார்ட்டின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ராணுவ ஜீப். சீருடையில் இரண்டு பேர் இறங்கி, எதிர் மளிகைக் கடையில் ஏதோ விசாரித்தார்கள். கடைக்காரர் இந்த வீட்டைக் கை காட்டினார்.

"மேரி, அந்தப் பொண்ணைப் பிடிச்சுக்க," என்றார்.

ஆனந்தமேரி எச்சில் கையோடு எழுந்துபோய் அமுதவல்லியைக் கட்டிக்கொண்டார். அவள் உடம்பு தூக்கிப் போட்டது. "நான் இருக்கேன் அமுதா. உன்னைத் தனியா விட மாட்டேன். உம் பொண்ணு இனிமே எங்க பொண்ணு."

சொல்லும்போதே, ஜீப் நம் வீட்டு வாசலில் நிற்கவில்லை என்று மனசின் ஒரு மூலை மாதாவுக்கு நன்றி சொன்னது. ஆனந்தமேரிக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

பூட்ஸ் சத்தம் படியேறியது. மார்ட்டின் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். உள்ளே வந்த அதிகாரி அமுதவல்லியின் பக்கம் திரும்பவேயில்லை. மார்ட்டினின் எதிரில் வந்து விறைப்பாக நின்றார்.

"உங்க வீடு பூட்டியிருந்துது சார். நீங்க இங்க வந்திருக்கிறதா பக்கத்து வீட்டுல சொன்னாங்க."

காலையில் ராஜவேல் போனில் சொன்னதிலிருந்து இந்த நிமிடத்தை நினைத்தே நடுங்கிக்கொண்டிருந்த அமுதவல்லி, நெல்சனின் அம்மாவைக் கீழே விழவிடாமல் தாங்கிக்கொண்டாள்.