இருநூற்றுப் பன்னிரண்டாவது பீப்பாய்

"தொடாத. அங்கேயே நில்லு," என்றாள் பிரமிளா.

ஷாமினி நீட்டிய கைகளை இழுத்துக்கொண்டாள். வேலை இடத்திலேயே குளித்து உடை மாற்றி வந்து, பின்கட்டுக் குழாயில் மூன்றாம் முறையும் சோப்புப் போட்டுக் கழுவிய கைகள். அக்காவுக்கு அது போதவில்லை.

பாப்பா, தாத்தா செய்து கொடுத்த மஞ்சள் தொட்டியில் உட்கார்ந்து, சித்தியைப் பார்த்துத் தண்ணீரை அடித்துச் சிரித்தாள். பிரமிளா அவளைத் தூக்கித் துவட்டினாள். இடுப்புக்குக் கீழே தொடை, பாதம் எல்லாம் சிவந்து தடித்திருந்தது.

"நீ அந்த வேலைக்குப் போனதிலேர்ந்துதான்லா இது. வீட்டுல யாராச்சும் கெமிக்கல் தொடுறீங்களான்னு டாக்டர் கேக்குறாரு. நான் என்னன்னு சொல்ல?"

ஈப்போ ஓரம் மூடிக் கிடக்கும் ரசாயன ஆலையில் நச்சுக் கழிவை அகற்றும் குழுவில் ஷாமினி சேர்ந்து ஏழு வாரம். எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைத்திருந்தாள். வேலையில் சேர்ந்தது நான்காம் தேதி. காலில் போட்டுக் குளிப்பாட்டிய பிள்ளை உட்கார்ந்து குளிக்கத் தொடங்கியது ஒன்பதாம் தேதி. தடிப்பு வந்தது பதினாறாம் தேதி. எத்தனை முறை படித்தாலும் குற்றம் தன்மேல்தான் வந்து நின்றது.

நடுவில் இரண்டு வாரம் செமோரில் தோழி வீட்டில் தங்கிப் பார்த்தாள். தடிப்பு குறையவில்லை. 'முன்பே என்னிடமிருந்து ஒட்டியது இன்னும் போகவில்லை' என்று எழுதிக்கொண்டாள். மறுவாரம் வேலையை விடுவதாகக் கடிதமும் கொடுத்துவிட்டாள்.

"விடும்மா, வேற வேலை பாப்போம்," என்றார் அப்பா சீனி. வேலை பார்த்த எஸ்டேட் கைமாறிய பிறகு அதே ஆலையின் வாசலில் பத்தொன்பது வருஷம் ஜாகாவாக, காவலுக்கு நின்றவர். போன வருஷம் ஆலை மூடியபோது அவர் வேலையும் போயிற்று. இப்போது பேத்திதான் அவருக்குப் பொழுது.

மறுநாள் ஷாமினி ஆலையின் பின்புறக் கொட்டகையில் நீலப் பீப்பாய்களை எண்ணினாள். பழைய பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு. கொட்டகையில் இருநூற்றுப் பதினொன்று. தான்தான் தப்பாக எண்ணியிருப்போம் என்று மறுபடி எண்ணினாள். அப்புறம் இன்னொரு முறை.

"எட்டுன்னு எழுதி, அத அழிச்சிட்டு மறுபடி எட்டுன்னே எழுதுற ஆளு நீ," என்று சிரித்தார் மேற்பார்வையாளர் சிவபிரகாசம். பட்டியலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"காலித் தோங்தானே, வெறும் பீப்பாய்தானேன்னு விட முடியாதும்மா. பிளாஸ்டிக் அந்த மருந்தக் குடிச்சு வெச்சிருக்கும். எத்தன தடவ கழுவுனாலும் போகாது. உள்ள எத ஊத்துனாலும் அதுல இறங்கும். எவன் வீட்டுல என்ன பண்ணுதோ."

"எங்கப்பா இங்க ஜாகாவா இருந்தவரு. கேட்டுப் பாக்குறேன் சார்."

"கேளு. நாளைக்குக் கடைசி நாள் உனக்கு. இத ஒண்ண முடிச்சுக் குடுத்துட்டுப் போ."

அவள் வீடு திரும்பியபோது பிரமிளா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அப்பா பின்கட்டில் குந்தி உட்கார்ந்து பேத்தியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். பாப்பா சித்தியைப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கினாள். ஷாமினி பழக்கத்தில் கிட்டே போகாமல் வேலியோரமே நின்றுகொண்டாள்.

"அப்பா, கொட்டகையில நீலத் தோங் ஒண்ணு கொறையுது. யாரு தூக்கிட்டுப் போனாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

சீனியின் கையிலிருந்த குவளை நின்றது. பிறகு, அகப்பட்டுக்கொண்டவர் போல வெட்கமாகச் சிரித்தார்.

"கேஸு கீஸு போட மாட்டாங்கல்ல? பத்தொன்பது வருஷம் நின்னேன். போறப்போ ஒரு டீ கூட வாங்கித் தரல. அதான், ஒண்ணே ஒண்ணு."

"அது இப்ப எங்கப்பா இருக்கு?"

அவர் பாப்பாவின் முதுகில் தண்ணீரை ஊற்றினார். தொட்டியின் விளிம்பில் உரிந்திருந்த மஞ்சள் பெயிண்டை நகத்தால் சுரண்டிக் காட்டினார். அடியில் நீலம் தெரிந்தது.

"எம் பேத்திக்காச்சேன்னு, இருக்குறதுலேயே நல்லதாப் பாத்து எடுத்தேம்மா."